மரக்கல நாயகரும் கடற்போரும்

பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில், ஜார்ஜ் டவுன் நகரின் கடற்கரைத் திடலில் நின்று வடக்கு நோக்கினால், வானம் தெளிந்திருக்கும் காலைப் பொழுதில், நீர்ப்பரப்புக்கு அப்பால் நீலநிறத்தில் ஒரு மலை தோன்றும். அது கெடா மாநிலத்து ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரமுடைய அம்மலையின் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கும் நாட்டின் துறைகள் அப்பகுதியிலேயே இருந்தன என்பது ஆய்வாளர் துணிபு.

ஒருமுறை ஆறாம் ஆண்டு மாணவர்களை அத்திடலுக்கு அழைத்துச் சென்று, அம்மலையைச் சுட்டிக்காட்டி, கடாரம் கொண்ட இராசேந்திர சோழனின் வரலாற்றைக் கூறினேன். கேட்டு முடித்த மாணவன் ஒருவன், "ஐயா, அரசருக்குக் கப்பல் ஓட்டத் தெரியுமா?" என்றான். பிள்ளைகள் சிரித்தனர். "அரசர் கப்பல்களை அனுப்பினார். ஓட்டியவர்கள் வேறு," என்றேன். "அவர்கள் பெயர் என்ன ஐயா?" என்று மீண்டும் கேட்டான். என்னிடம் விடை இல்லை. நான் படித்த நூல்களிலும் இல்லை. நான் பயிற்றுவித்த பாடங்களிலும் இல்லை.

வென்றவன் பெயரைக் கல்லில் பொறித்த நாம், வழி அறிந்து கொண்டுபோய்ச் சேர்த்தவன் பெயரைக் காற்றில் விட்டுவிட்டோம். வணிகக் கலங்களின் தலைவர்கள் எவ்வாறு தம் தொழிலைக் கற்றனர், பகை நேர்ந்தபோது எவ்வாறு பொருதனர், அக்கல்வி பின்னர் என்னவாயிற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்கள் உணர்த்தும் செய்தி

கலத்தைச் செலுத்துவோனை மீகான், மீகாமன், நீகான் என்று பழந்தமிழ் நூல்கள் வழங்கும். இடைக்காலத்தில் வேறொரு பெயர் தோன்றுகிறது. சுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூசுக்கு அருகே, லோபு துவா என்னும் ஊரில் 1873ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088இல் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கூடிச் செய்த முடிவைத் தெரிவிக்கின்றது. கலத்தில் வந்திறங்கும் மரக்கல நாயன், கத்தூரியின் விலையை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்ட தீர்வையைப் பொன்னாகச் செலுத்திய பின்னரே ஊருக்குள் அடிவைக்கலாம் என்பது அதன் சாரம். கப்பல் தலைவனுக்குத் தனிப் பெயரும் தனிக் கடமையும் இருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் வழங்கும் 'மாலுமி' என்ற சொல் இன்னும் சுவையானது. 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லே மாலுமி ஆயிற்று என்பர். முஅல்லிம் என்பதற்கு ஆசிரியர் என்பது பொருள். மலாய் மொழியிலும் 'முஅலிம்' என்பது சமய ஆசிரியரையும் குறிக்கும். கப்பலின் வழிகாட்டும் அலுவலரையும் குறிக்கும். கடலில் வழி அறிந்தவனை ஆசிரியன் என்றே அக்கால மக்கள் அழைத்தனர். தமிழாசிரியராகிய நாம் இதனை எண்ணி மகிழலாம். மகிழ்வதோடு நின்றுவிடாமல் அதன் பொறுப்பையும் உணர வேண்டும்.

வாணிகத்திற்குப் படை எதற்கு?

வணிகன் பொருள் தேடிச் செல்பவன்; போர் தேடிச் செல்பவன் அல்லன். ஆயினும் பொருள் உள்ள இடத்தில் பறிப்போனும் இருப்பான். ஆதலின் அக்கால வாணிகம் வாளோடு கைகோத்தே நடந்தது. தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பெற்ற செய்தியைக் கூறுகின்றது. அக்குளம் மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலமாக விடப்பட்டது. மணிக்கிராமத்தார் வணிகர்; சேனாமுகத்தார் படையினர். ஒரே குளத்து நீரை வணிகரும் வீரரும் காத்து நின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது. தமிழகத்தின் உள்நாட்டிலும் வணிகர் தம் வீரரைக் கொண்டு காத்த ஊர்கள் எறிவீரப்பட்டினம் எனப் பெயர் பெற்றன.

கடலில் பகைவர் கையாண்ட உத்தியை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ விளக்கியுள்ளார். மேற்குக் கடற்கரையில் கொள்ளையர் இருபது முப்பது கலங்களாகக் கூடுவர். ஒன்றுக்கொன்று ஐந்தாறு கல் இடைவெளி விட்டு வரிசையாக நிற்பர். இவ்வாறு நூறு கல் தொலைவு வரை கடலில் ஒரு வேலியே அமைந்துவிடும். வணிகக் கலம் ஒன்று கண்ணில் பட்டதும் தீயாலோ புகையாலோ குறிகாட்டுவர். எல்லாக் கலங்களும் விரைந்து வந்து வளைத்துக்கொள்ளும். தனிக்கலம் தப்ப வழியில்லை.

இதற்கு வணிகர் கண்ட மாற்று என்ன? பெரிய கலம், மிகுந்த ஆட்கள், நிறைந்த படைக்கலம் ஆகியவையே அம்மாற்று என்று அவரே கூறுகின்றார். 1340களில் இக்கடல்களில் பயணம் செய்த இபன் பதூதா, குசராத்தில் தாம் ஏறிய கலம் ஒன்றில் 50 அபிசீனியப் போர்வீரர் காவலுக்கு இருந்ததாகக் குறிக்கின்றார். அவர்களில் ஒருவர் இருப்பதைக் கண்டாலே கொள்ளையர் விலகிச் செல்வராம். போரிட்டு வெல்வதைக் காட்டிலும் போரே நேராதபடி செய்வது மேலான உத்தி என்பதை அக்கால நாயகர் அறிந்திருந்தனர். அதே இபன் பதூதா, மதுரை நாட்டிலிருந்து திரும்பியபின், கொல்லத்திலிருந்து வடக்கே சென்றபோது பன்னிரண்டு கலங்களால் வளைக்கப்பட்டு உடுத்த துணி தவிர அனைத்தையும் இழந்தார். காவல் உள்ள கலத்திற்கும் இல்லாத கலத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மனிதரின் வாழ்வில் காண்கின்றோம்.

இழக்கத் துணிதல்

மீகாமனின் பகைவர் மனிதர் மட்டுமல்லர். காற்றும் அலையுமே பெரும்பகை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாகியான் இலங்கையிலிருந்து இருநூற்றுக்கு மேற்பட்டோருடன் ஒரு பெருங்கலத்தில் புறப்பட்டார். புயலில் கலத்தில் ஓட்டை விழுந்தது. உடன் கட்டிவந்த சிறு கலத்திற்கு மாற முனைந்தோரைக் கண்டு அஞ்சி, அதிலிருந்தோர் கயிற்றை அறுத்துவிட்டனர். பெருங்கலத்தில் இருந்த வணிகர் தம் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பதின்மூன்று நாள்களுக்குப் பின் ஒரு தீவை அடைந்து ஓட்டையை அடைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தனர்.

எதனை எறிவது, எப்பொழுது எறிவது, யாருடைய சரக்கை எறிவது என்பன கப்பல் தலைவனின் அறிவையும் நடுநிலையையும் சோதிப்பன. மலாக்கா சுல்தான் மகமூது ஷாவின் காலத்தில் தொகுக்கப்பெற்ற மலாக்காக் கடற்சட்டம் இதற்கு விதி வகுத்துள்ளது. சரக்கை எறிய நேர்ந்தால் சரக்குடையோர் அனைவரையும் கூட்டிக் கலந்து, அவரவர் உடைமையின் அளவுக்கேற்ப எறிதல் வேண்டும். அச்சட்டம் நாகுதா எனப்படும் கப்பல் தலைவனைக் கடலில் அரசனுக்கு ஒப்பாகக் கூறுகின்றது. சுக்கான் பிடிப்பவன் முதலமைச்சராகிய பெண்டாகாராவுக்கும், ஆழம் பார்ப்பவன் காவல் தலைவராகிய தெமெங்கோங்குக்கும் ஒப்பாவர். அரசனுக்கு ஒப்பானவன் என்று கூறிய சட்டமே, பிறரைக் கலந்து முடிவு செய்யவும் அவனைப் பணித்தது. அதிகாரமும் அடக்கமும் ஒருங்கே அமைந்தவனே நாயகன் என்பது இதன் கருத்து.

கடாரப் படையெடுப்பு

இப்பின்னணியில் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை நோக்குவோம். இராசேந்திரன் அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்திக் கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்ற செய்தியைத் தஞ்சைக் கல்வெட்டுக் கூறுகின்றது. சோழரின் கடற்படை எந்நாளும் நிலைத்து நின்ற தனிப்படையா, வணிகக் கலங்களைத் திரட்டி அமைத்த படையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒன்று தெளிவு. அக்கடல்வழி படைவீரர் கண்டுபிடித்த வழியன்று. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரம், அப்போருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே எழுந்தது. 1015ஆம் ஆண்டிலேயே சோழரின் தூதுக்குழு சீனத்தை அடைந்தது. வணிகர் பல தலைமுறை சென்று வந்த வழியிலேயே படை சென்றது. எந்தத் திங்களில் காற்றுத் திரும்பும், எந்தத் தீவில் நன்னீர் கிடைக்கும், எந்த முகத்துவாரத்தில் மணல்மேடு உள்ளது என்பவற்றை அறிந்த மரக்கல நாயகர் இன்றேல், வேந்தனின் வாள் கடற்கரையிலேயே நின்றிருக்கும்.

அம்மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

எவ்வாறு கற்றனர்?

அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கலமே. தந்தையின் கலத்தில் சமையல் வேலையிலும் கயிறு இழுக்கும் வேலையிலும் தொடங்கி, பாய் கட்டி, சுக்கான் பிடித்து, பின்னரே தலைமைக்கு உயர்ந்தனர். விண்மீன் நோக்கி வழி அறிவதே அக்கல்வியின் முடி. சோழமண்டலக் கரை மாலுமிகள் பயன்படுத்திய எளிய கருவி ஒன்றை, காங்கிரீவ் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் 1850ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த இதழொன்றில் விவரித்துள்ளார். ஒரு சிறு மரத்துண்டு, அதன் நடுவே ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். அவ்வளவே.

கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு மரத்துண்டைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும். அதன் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு வடமீனையும் தொடும்போது எந்த முடிச்சு பல்லிடையே உள்ளதோ, அதுவே கலம் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டைக் காட்டும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு. நாகப்பட்டினத்தில் வடமீன் ஏறத்தாழ 11 பாகை உயரத்தில் நிற்கும். பினாங்கில் ஐந்தரைப் பாகையே. ஆதலால் கிழக்கே வருந்தோறும் தெற்கே இறங்குந்தோறும் கயிறு நீளும், மீன் தாழும். மீன் மூடுபனியில் மறைந்தால் நீரின் நிறம், பறவையின் போக்கு, ஈயக்குண்டு காட்டும் ஆழம் ஆகியவை துணை. இறுதியில் ஜெராய் மலை தலைகாட்டும்.

எண்ணும் எழுத்தும் மிகுதியாக அறியாதவரும் இக்கணக்கில் வல்லுநராயினர். ஆனால் இக்கல்விக்கு ஒரு குறையும் இருந்தது. அது கையிலும் கண்ணிலும் வாழ்ந்தது. ஏட்டில் மிகச் சிறிதே ஏறிற்று.

பீரங்கி வந்தபின்

1498இல் போர்த்துக்கீசியர் வந்தபின் கடற்போரின் இயல்பு மாறிற்று. அவர்கள் கலத்தின் மீது பீரங்கி ஏற்றினர். 'கார்ட்டாசு' என்னும் அனுமதிச் சீட்டுப் பெறாத கலங்களைப் பறித்தனர். வணிகம் செய்வோன் பணிதல் வேண்டும், அல்லது பொருதல் வேண்டும் என்ற நிலை வந்தது. மரைக்காயர் குடியினர் சிலர் பொருதத் துணிந்தனர். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவராய் விளங்கிய குஞ்ஞாலி மரைக்காயர்கள் கண்ட உத்தி எளியது, ஆயினும் கூரியது. பெரிய பீரங்கிக் கப்பலோடு நடுக்கடலில் மோதினால் தோல்வி உறுதி. ஆதலால் துடுப்பால் விரையும் சிறு படகுகளில், காற்று ஓய்ந்து பகைவனின் பாய் தளர்ந்த வேளை பார்த்துப் பலவாகச் சூழ்ந்து தாக்கினர். பெருங்கப்பல் நுழைய இயலாத கழிமுகத்தில் மறைந்துகொண்டனர்.

அவ்வுத்தியின் எல்லையையும் வரலாறு காட்டுகின்றது. 1538ஆம் ஆண்டில் மண்டபத்தை அடுத்த வேதாளைக் கரையில் மரைக்காயர் படை பாளையமிறங்கியிருந்தது. அவ்வேளை மார்த்திம் அபோன்சோ தெ சூசா என்னும் போர்த்துக்கீசியத் தளபதி அதனைத் தாக்கிப் பெருந்தோல்வி அடையச் செய்தான். விரைவே வலிமையாகக் கொண்ட படை, கரையில் நின்றுவிட்ட அன்று தன் வலிமையை இழந்தது. நான்காம் குஞ்ஞாலி 1600ஆம் ஆண்டு கோவாவில் கொல்லப்பட்டார். அவர் மன்னனான சாமூதிரியே பகைவரோடு சேர்ந்து அவரை முற்றுகையிட்டான் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி.

பினாங்கில் இரு கப்பித்தான்கள்

நம் தீவின் வரலாறும் ஒரு வணிகக் கப்பல் தலைவரிடமிருந்தே தொடங்குகின்றது. 1786 ஆகத்து 11ஆம் நாள் இத்தீவைக் கைக்கொண்ட பிரான்சிசு லைட், சென்னை வணிக நிறுவனம் ஒன்றின் கப்பல் தலைவராகப் பல ஆண்டுகள் இக்கடலில் உழன்றவர். சயாமின் அச்சுறுத்தலுக்கு எதிராகத் துணை கிடைக்கும் என்று நம்பியே கெடா சுல்தான் அப்துல்லா இத்தீவைத் தந்தார். அத்துணை வரவில்லை. சுல்தான் தீவை மீட்கப் பிறாய் ஆற்றருகே பல்லாயிரவரைத் திரட்டினார். லைட் காத்திருக்கவில்லை, 1791 ஏப்பிரல் 12ஆம் நாள் இரவு, பீரங்கிப் படகுகள் நான்கும் ஏறத்தாழ 400 வீரரும் கொண்டு முந்தித் தாக்கினார். மே 1ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று; ஆண்டுக்கு 6,000 வெள்ளி சுல்தானுக்கு என்று முடிவாயிற்று. உத்தி வகையில் அத்தாக்குதல் வென்றது. அற வகையில் கொடுத்த நம்பிக்கை தோற்றது. இரண்டையும் சேர்த்தே மாணவருக்குச் சொல்லுதல் நேர்மை.

மற்றொரு கப்பித்தான் நம்மவர். லைட் வருவதற்கு முன்னரே நாகூர், பரங்கிப்பேட்டைக் கலங்கள் கெடாவுக்கும் ஆச்சேவுக்கும் வந்து போயின. தமிழ் முஸ்லிம் வணிகராகிய சூலியர், கெடா சுல்தானின் அரச வணிகராகவும் விளங்கினர். அவ்வழி வந்த காதர் முகைதீன் மரைக்காயர் 1801ஆம் ஆண்டு தென்னிந்தியச் சமூகத்தின் கப்பித்தானாக அமர்த்தப்பட்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர் நினைவைத் தாங்கி நிற்கின்றது. கடலில் கலத்தை நடத்தியவனின் பட்டம், கரையில் மக்களை நடத்தியவருக்கு வந்து சேர்ந்தது. சூலியா தெருவில் உள்ள நாகூர் தர்காவும், கடலோடிகள் புயலில் அழைத்த பெரியாரின் பெயரால் அமைந்ததே.

கலம் போயிற்று, கலை போயிற்று

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. 1850ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம், அயல்நாடு செல்லும் பிரித்தானியக் கப்பல்களின் தலைவர்கள் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்று விதித்தது. முடிச்சுக் கயிற்றில் கடலை அளந்தவனிடம் சான்றிதழ் இல்லை. அவன் அறிவைச் சான்றிதழாக்கித் தரும் பள்ளியும் இல்லை. மரக்கல நாயகனின் பேரர்கள் பிறர் கப்பலில் தளப் பயணிகளாயினர். 1926இல் கட்டப்பெற்று 1973 வரை நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே ஓடிய 'ரஜூலா'வை நம் பெற்றோர் அனைவரும் அறிவர். அக்கப்பலின் தளத்தில் இடம் பிடித்த கதையே நம் வீடுகளில் உண்டு. அதனைச் செலுத்திய கதை இல்லை.

இக்குறையை உணர்ந்தவர் வ.உ. சிதம்பரனார். 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் அவர் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தை, கப்பல் வாங்கி வெள்ளையரோடு போட்டியிட்ட முயற்சியாக மட்டும் கற்பிக்கின்றோம். நம்மவர்க்குக் கப்பலோட்டவும் கப்பல் கட்டவும் பயிற்சி அளிப்பதும் அச்சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. எதிரி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துத் தாக்கியது. அரசு 1908இல் அவரைச் சிறையிலிட்டது. 1911இல் சங்கம் கலைந்தது. பயிற்சிக் கனவும் உடன் மறைந்தது.

ஆயினும் கலை முற்றும் அழியவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். அவ்வூர்த் தண்டையலும் மாலுமிகளும் அதனைச் செலுத்தி, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோசெசுடர் துறைமுகத்தை அடைந்தனர். தந்தையிடம் மகன் கற்ற கல்வி அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்தது. கற்பதற்கு வாய்ப்பும் கலமும் இருந்தால் இவ்வினம் தாழ்ந்ததில்லை என்பதற்கு அதுவே சான்று.

இன்று மலாக்கா மாநிலத்தில் கடல்சார் கல்விக்கழகம் இயங்குகின்றது. நம் மாணவர் அங்கு செல்லத் தடையில்லை. அப்படியொரு வழி உண்டு என்று சொல்வோர்தாம் குறைவு. வரலாற்றுப் பாடத்தில் வெற்றி பெற்ற அரசனை மட்டும் காட்டினால், பிள்ளைகள் பெருமிதம் கொள்வர். அதனோடு பாடம் முடிந்துவிடும். கயிற்றில் முடிச்சிட்டு விண்மீனை அளந்தவனைக் காட்டினால், "நான் கற்கலாமா?" என்று ஒருவனேனும் கேட்பான். மாலுமி என்ற சொல்லுக்கு ஆசிரியன் என்பது பொருள் என்றேன். கடலோடி மறைந்தபின் அச்சொல்லின் பொறுப்பு வகுப்பறையில் நிற்கும் நம்மையே சேர்ந்தது.

அம்மாணவன் இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் படிக்கின்றான். அவன் கேட்ட பெயர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும், மரக்கல நாயன் என்று கல்லில் எழுதப்பட்ட ஒரு சொல் உண்டு என்பதை அடுத்தமுறை காணும்போது அவனிடம் சொல்வேன். ஜெராய் மலை தெரியும் நாளாகப் பார்த்துச் சொல்வேன்.